கிராமத்துக் குடும்பப் படம் இன்னுமா அழவைக்குது?

12 ஜனவரி 2025, ஒரு வாசகர் கேட்டது

"எனக்கு 23 வயசு. பெங்களூரில் வேலை. அப்பா காலத்திலேயே ஊரை விட்டாச்சு, நான் வயலில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் நேற்று டிவியில் ஓர் அண்ணன் தங்கச்சிக்குச் சீர் சுமந்து வருகிற காட்சியில் தொண்டை அடைத்துவிட்டது. ஆலமரம், சொம்பு, பஞ்சாயத்து என்று மீம் போட்டுச் சிரிக்கிறவனும் நானேதான். இந்தப் படங்கள் இன்னும் எதனால் பிடிக்கின்றன? வெறும் பசுமை ஏக்கமா? அப்படியென்றால் இன்னும் பத்து வருஷத்தில் இந்த வகையே செத்துவிடும் என்பது என் கட்சி."

12 ஜனவரி, இரவு 10.50

ஏக்கம்தான், வேறென்ன. 1977-ல் 'பதினாறு வயதினிலே' வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது அவன் ஊர். அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அது விட்டுவந்த ஊர். உங்களுக்கு அப்பா விட்டுவந்த ஊர். உங்கள் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. உங்கள் கட்சியே என் கட்சி. தூக்கம் வருது.

13 ஜனவரி, காலை

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பல் விளக்கும்போது உறைத்தது.

ஏக்கம் மண் மேல் என்றால் அது எந்த மண்? 'பதினாறு வயதினிலே' எடுத்தது மைசூர், கொள்ளேகால் பக்கம். அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா நம்ம கிராமத்தைக் காட்டக் காவிரி தாண்டிப் போயிருக்கிறார். 'முதல் மரியாதை' (1985) ஆறும் பரிசலும் கர்நாடகம். 'தேவர் மகன்' (1992) கதை தெற்கத்திச் சீமை, படப்பிடிப்பு பொள்ளாச்சி. தொண்ணூறுகளின் பாதிக் கிராமம் கோபிச்செட்டிபாளையத்து வாய்க்கால் ஓரம். தேனிக்காரன் நான். கொள்ளேகால் வரப்பைப் பார்த்து 'எங்க ஊரு' என்று நெஞ்சு விம்மியிருக்கிறேன்.

இன்னொன்று. வயலைக் காட்டும்போது யாரும் அழுவதில்லை. ஹெலிகாம் ஷாட்டில் தென்னந்தோப்பு வந்தால் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்ப்போம். தாம்பாளத் தட்டு வாசலுக்கு வரும்போதுதான் தொண்டை அடைக்கும். அப்போ அழுகை மண்ணுக்கு இல்லை, தட்டுக்கு. இதற்கு மேல் இப்போது தெரியவில்லை.

14 ஜனவரி, பொங்கல், மதியம்

பொங்கல் வைத்துச் சாப்பிட்டு எல்லோரும் மட்டை. தட்டு விஷயத்துக்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது.

1994 கோடை லீவு. எனக்குப் பன்னிரண்டு வயசு. 'கிழக்குச் சீமையிலே' 93-லேயே வந்துவிட்ட படம், எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வர அத்தனை மாதம் ஆனது. மணல் தரை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவன் அதற்கு மேல் குவிப்பான். இடைவேளைக்குள் அது ஒரு மலைத்தொடர்.

அன்று மட்டும் எங்களுக்கு நாற்காலி டிக்கெட். அம்மாவின் அண்ணன், மூத்த மாமா, எடுத்தார். எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு கலர் சோடா வாங்கித் தந்தார், கூடவே கைமுறுக்கு. மாமா அப்படிச் செலவு செய்து நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா புதுச் சேலை, பச்சைக் கலர்.

விஜயகுமார் சீர் சுமந்து வருகிற அந்தப் பாட்டு. ரஹ்மானுக்கு 'ரோஜா' வந்து ஒரு வருஷம் கழித்து, 'இந்தப் பையனுக்கு நம்ம பாட்டு எங்க வரப்போகுது' என்று டீக்கடையில் பேசிய பெரியவர்களை வாயடைத்த பாட்டு. அம்மா அழுதாள். சத்தமே இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்மை கரைந்து முந்தானையில் கருப்பாக அப்பியிருந்தது. திரும்பினால் மாமாவும் துண்டால் மூக்கைச் சிந்துகிறார். அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, திரையிலும் அண்ணன் தங்கச்சி.

அந்தப் படங்கள் பிடித்ததற்கு எனக்கு இது போதும். திரைக்கும் நாற்காலிக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

16 ஜனவரி

காணும் பொங்கலுக்கு மெரினா போகாமல் பரண் ஏறினேன். அம்மாவின் செய்முறை நோட்டு கிடைத்தது. மதுரை, தேனிப் பக்கம் மொய் என்பதைச் செய்முறை என்போம். மொய் ரூபாயோடு நின்றுவிடும். செய்முறையில் ஆடு, அண்டா, சேலை, மோதிரம், தேங்காய்ப்பழத் தட்டு எல்லாம் அடக்கம்.

நீள நோட்டு. முதல் பக்கம் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். அக்கா சடங்கு, 1992. பெயர், ஊர், தொகை. திருப்பிச் செய்துவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு விழாத பெயர்களைப் பார்த்தால் இன்றைக்கும் பதற்றமாக இருக்கிறது, பேங்க் நோட்டீஸ் மாதிரி. ஒரு பெயருக்கு நேரே 'வரவில்லை, சொல்லி அனுப்பியும்' என்று அம்மா எழுதியிருக்கிறாள். தொகைக் கட்டத்தில் சுழியம்கூடப் போடவில்லை, வெறும் கோடு.

இதைத்தான் அந்தப் படங்கள் எடுத்தன. முழுக் கதையே நோட்டில் இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவரை வாசலில் நின்று கூப்பிட்டார்களா, பந்தியில் எத்தனையாவது இலை. பிறகுதான் அரிவாள். நம் படங்களில் அரிவாள் வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒரு பத்திரிகை வைக்காததுதான்.

பெங்களூர் தம்பிக்கு: உங்களுக்கு ஊர் இல்லை, சரி. வீட்டில் இந்த நோட்டு இருக்கும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

16 ஜனவரி, மாலை

அம்மாவிடம் கேட்டாராம். எக்செல் ஷீட்டில் இருக்கிறதாம். சிவப்புக் கோட்டுக்குப் பதில் செல்லுக்குச் சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்களாம். இந்த வகை சாகாது, என் கட்சியை மாற்றிவிட்டேன்.

19 ஜனவரி

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீர் வரிசைக்கு முன்னால் கொட்டடித்தவர் எங்கே சாப்பிட்டார்?"

எங்கள் ஊரில் கொட்டகைக்குப் பின்புறம். கடைசியில். தெரியும். தெரிந்தும் மேலே அத்தனை பத்தி எழுதினேன், ஒரு வரிகூட அவருக்கு இல்லை. 90-களின் படங்களும் அவரை ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து ஆடச் சொல்லிவிட்டு அண்ணன் முகத்துக்கு க்ளோசப் போய்விடும். கவுண்டர், தேவர், எஜமான், நாட்டாமை எல்லாம் தலைப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. 2023-ல் 'மாமன்னன்' பாட்டு வெளியீட்டு மேடையில், கமலை வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' பற்றிப் பேசினார். நல்ல படம், அது எங்களுக்கு என்ன செய்தது என்பது வேறு. அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருடைய 'வாழை' (2024) இருக்கிறதே, அம்மா, அக்கா, தம்பி, பசி. அதுவும் கிராமத்துக் குடும்பப் படம்தான். சொம்பு இல்லை, அவ்வளவுதான்.

20 ஜனவரி

'நாட்டாமை' (1994) பிடிக்குமா என்று மூன்று பேர். தீர்ப்பு பிடிக்காது. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது நியாயமா? அன்று கொட்டகையில் கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன், எழுதவே கூசுகிறது. ஆனால் பெண் பார்க்கிற காட்சியில் மூலையில் உட்கார்ந்து மிக்சர் தின்கிறாரே ஒருவர், அவருக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். எந்தக் குடும்பப் பஞ்சாயத்திலும் அவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது அப்பா.

21 ஜனவரி

அப்பா இதைப் படிக்கவில்லை என்று நினைத்தேன். படித்திருக்கிறார். "மிக்சர் இல்ல, காராபூந்தி" என்றார்.

26 ஜனவரி, ராத்திரி

14-ம் தேதி எழுதியதில் பெரிய பிழை. அக்கா கோவையிலிருந்து கூப்பிட்டாள். இழையை முழுக்கப் படித்திருக்கிறாள்.

"அம்மா என்னைக்குடா கண்மை போட்டா?"

யோசித்தேன். போட்டதே இல்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

"அது கைநாட்டு மைடா. காலையில ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வெச்சது. சோப்புப் போட்டும் போகலன்னு மண்ணைத் தேச்சுக் கழுவிட்டு இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்குக் கலர் பாட்டில் மட்டும்தான் ஞாபகம்.

அக்கா சொன்னது இது. தாத்தா 1988-ல் இறந்தார், உயில் எழுதவில்லை. அவர் பெயரில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நஞ்சை. 94-ல் மாமா அதை விற்க ஆள் பிடித்தார். வாங்குகிறவர், கூடப்பிறந்த பெண்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டேன் என்றார். அம்மாவும் சித்தியும் ஒரே நாளில், தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு சேலை, ஆயிரத்தொரு ரூபாய். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அப்பா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாராம் (காராபூந்தி இருந்ததா என்று கேட்டேன், போனை வைத்துவிடுவேன் என்றாள்).

அன்று சாயங்காலம்தான் நாற்காலி டிக்கெட்.

27 ஜனவரி

தூங்கவில்லை. 'திரைக்கும் நாற்காலிக்கும் நடுவே இடைவெளியே இல்லை' என்று எழுதியிருந்தேன். இடைவெளி இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்.

நினைவுக்கு வருகிற படங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஆண்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஏமாந்து போடுவார்கள், தியாகமாகப் போடுவார்கள், வெற்றுத்தாளில்கூடப் போடுவார்கள். சார்பதிவாளர் முன்னால் ஒரு தங்கச்சி இடதுகைப் பெருவிரலை நீட்டுகிற காட்சி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. தங்கச்சிக்குச் சீர் வரும், சேலை வரும், அண்ணன் உயிரைக்கூடத் தருவான். பங்கு என்ற சொல் வராது. அண்ணன் இவ்வளவு பெரிய தட்டைத் தூக்கி வரும்போது பங்கைப் பற்றி எந்தத் தங்கச்சி வாய் திறப்பாள்?

2 பிப்ரவரி

ஒரு வக்கீல் வாசகர் திருத்தியிருக்கிறார், நியாயம். 'பெண்ணுக்குச் சொத்துரிமை 2005-ல்தானே வந்தது, உங்கள் அம்மாவுக்கு 94-ல் ஏது பங்கு' என்று இங்கே ஒருவர் கேட்டிருந்ததற்கு அவர் பதில்: தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயிலும் இல்லை என்றால் 1956 சட்டப்படியே பாட்டி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்பதுதான் தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது, அதுவும் அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும். நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் 2005. ஆக அம்மாவின் பங்கு சினிமாவுக்கு வெளியே சட்டமாகவே இருந்திருக்கிறது, 'பாசமலர்' (1961) வருவதற்கு ஐந்து வருஷம் முன்பிருந்தே.

89-ல் சட்டம், 92-லிருந்து அண்ணன், தங்கச்சி, நாட்டாமைப் படங்களின் அலை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது.

3 பிப்ரவரி

முடிச்சை அவிழ்க்கிறேன். அலை அதற்கு ரொம்ப முன்னாடியே இருக்கிறது. 1959 'பாகப்பிரிவினை', பீம்சிங், சிவாஜி. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புகிற படம். ஆனால் அதிலும் பங்கு அண்ணன் தம்பிக்குள்தான். சுவர் எழுந்தால் அழுகிறோம். சுவரே எழுப்பத் தேவையில்லாமல் ஒரு கைநாட்டில் வெளியேறியவர்களைப் பற்றிப் படம் எடுக்க அதில் சுவாரசியம் இல்லை போல.

யாரோ 'சீரியலையும் சேருங்கள்' என்கிறார். சேர்க்கலாம். சினிமா இந்தக் கதையைக் கைவிட்ட காலத்தில் காப்பாற்றியது அதுதான். 'மெட்டி ஒலி' எடுத்த திருமுருகன்தான் பிறகு 'எம் மகன்' (2006) எடுத்தார். மளிகைக்கடை அப்பாவிடம் அடிவாங்குகிற மகன். அந்தப் படத்தில் நாசர் வாயைத் திறந்தாலே நான் நிமிர்ந்து உட்காருவேன், இப்போதும். அதற்கு மேல் சீரியல் பக்கம் போக எனக்குப் பொறுமை இல்லை.

8 பிப்ரவரி

'கடைக்குட்டி சிங்கம்' (2018) பற்றிக் கேட்டவருக்கு: ஐந்து அக்கா, ஒரு தம்பி, அக்கா மகள்களில் ஒருத்தியைக் கட்டாமல் வெளியே காதலிப்பதே பிரச்சினை. என் பக்கத்து பிளாட் பையன், ஐஐடி, "அக்கா மகளையா?" என்று அதிர்ந்துபோனான். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கட்டாவிட்டால்தான் சண்டை. எனக்கு அது கல்யாணக் கதையாகப் படவில்லை. அக்காக்கள் தங்கள் பங்கை மகள் ரூபத்தில் திரும்பக் கேட்கிறார்கள் என்று தோன்றியது. இது ரொம்ப நீட்டி யோசிப்பதாக இருக்கலாம். பெரிய பெரிய குடும்ப போட்டோக்களும் விவசாய வசனமும் சலிப்பு.

15 பிப்ரவரி

'மெய்யழகன்' (2024) இரண்டாம் தடவை. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு நிமிஷம் வெட்டினார்களே, அந்தப் படம். வில்லன் கிடையாது. அரிவாள் கிடையாது. சொந்தக்காரர்களிடம் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, 96-ல் ஊரைவிட்டுப் போனவர், தங்கச்சி முறையுள்ள ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். விழுந்து விழுந்து உபசரிக்கிற ஒருவனின் பெயர் அவருக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம்.

கல்யாண மேடையில் அவர் கொண்டுவந்த நகையை அந்தப் பெண் அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்ளும்போது தியேட்டரில் மூக்குறிஞ்சும் சத்தம். இதோ, மறுபடியும் தட்டு. 1993-லும் அதுதான், 2024-லும் அதுதான். ஒரே வித்தியாசம், இதில் சீர் கொண்டுவருகிறவர் வீட்டைப் பறிகொடுத்தவர். வாங்கிக்கொண்டவர் கையால் வரும் சீருக்கும் இழந்தவர் கையால் வரும் சீருக்கும் எடை வேறு. முதல் தடவை இது எனக்குப் புரியவில்லை. அக்கா போன் பண்ணிய பிறகு பார்த்ததால் புரிந்தது.

பெங்களூர் தம்பி, நீங்கள் அன்று எதற்கு அழுதீர்கள் என்று இப்போதும் என்னால் சொல்லமுடியாது. நானே முப்பது வருஷமாக வேறு எதற்கோ அழுத ஒருத்தியைப் பார்த்து 'படம் பார்த்து அழுதாள்' என்று சொல்லித் திரிந்தவன்.

10 மார்ச்

நேற்று ஊரில் மாமா பேரனுக்குக் காதுகுத்து. அம்மாவைக் கூட்டிப்போனேன். கிளம்பும் முன் நோட்டை எடுக்கச் சொன்னாள். என் பெண்ணின் சடங்குக்கு மாமா செய்தது ஐயாயிரத்தொன்று, ஒரு பட்டுப்பாவாடை. "ஆறாயிரத்தொண்ணு வை. ஒரு அரைப்பவுன் மோதிரம்."

"அவ்வளவு எதுக்கும்மா?"

"அத்தை முறை."

மைக்கில் அம்மா பெயரைச் சொன்னார்கள், ஊரையும் தொகையையும் சேர்த்து. மாமாவுக்கு இப்போது எண்பது. காது சரியாகக் கேட்காது. தொகை மட்டும் கேட்டது போல, திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா தன் இலையிலிருந்த எலும்புக்கறியை எடுத்து அவர் இலையில் வைத்தாள். வழியில் பழைய நஞ்சை இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. காதுகுத்து நடந்ததே அங்கேதான். எங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

10 மார்ச், இரவு

திரும்பி வரும்போது காரில் இந்த இழையை அம்மாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். திண்டுக்கல் தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசித்ததில் இரண்டு திருத்தம்.

சேலை பச்சை இல்லை. அரக்கு. பச்சை சித்தியுடையது.

"சரிம்மா, மாமா எதுக்கு அழுதார்?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே எதுக்கு அழுதுச்சுன்னு அதுகிட்டதான் கேக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கலரு மாமா வாங்கித் தரல. அது டிக்கெட் மட்டும்தான் எடுத்துச்சு. கலரு, முறுக்கு எல்லாம் நான்தான் வாங்குனேன், அந்த ஆயிரத்தொண்ணுல."